மொறிஸ் மைனரின் பெற்றோல் முள்

யாழ்ப்பாணத்தில் விட்டுவந்தவற்றுள் வீட்டையும் கிணற்றடியையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் மொறிஸ் மைனரின் பெற்றோல் முள்.

மைனர் 1948-இல் சந்தைக்கு வந்த கார். 1950-களின் நடுவிலிருந்து அதன் ஸ்பீடோ மீற்றர் டாஷ்போர்ட்டின் நட்டநடுவே ஒற்றை வட்டமாக இருக்கும். பெற்றோல் முள்ளும் அதற்குள்தான். அதனால் அப்பாவுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் அம்மாவுக்கும் பின்சீற்றில் எட்டிப் பார்க்கும் எனக்கும் அதன் குழப்படி தெரியும். சில்லு கிடங்குக்குள் விழுந்தால் 'எஃப்' பக்கம் பாயும். நல்ல றோட்டில் மெல்ல இறங்கிவரும்.

அப்பா மீற்றரில் கை வைக்கவில்லை. டிக்கிப் பலகையைத் தூக்கி, ஸ்பெயர் சில்லை வெளியே உருட்டி, தாங்கியின் மேல்பக்கத்துக்குப் போனார். உள்ளே ஒரு மிதவை ஏறியிறங்க, அதன் கை ஒரு கம்பிச்சுருளில் உரசி அளவு சொல்லும். அந்தப் பழைய வகை மீற்றரில் வயரைக் கழற்றினால் முள் 'எஃப்'புக்குப் போகவேண்டும். வயரைக் காரின் பொடியில் தொட்டால் 'ஈ'க்கு விழவேண்டும். அவர் பின்னால் தொட, நான் முன்னாலிருந்து கத்துவேன்: "விழுந்திட்டுதப்பா!" அப்படியென்றால் மீற்றரும் வயரும் சுகம். பிழை, மிதவைக் கருவியைப் பொடியோடு இணைக்கும் எர்த்தில். ஸ்குரூவின் அடியில் செம்பழுப்பாய்க் கறள். அரத்தாளால் தேய்த்து இறுக்கியதும் முள் அடங்கியது. அடுத்த மாரி வரைக்கும்தான்.

1990-இல் சண்டை மீண்டும் தொடங்கியபின் பெற்றோல் வருவது நின்றது. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினோம். புகையும் மணமும் சட்டையில் ஏறிவிடும். அந்த நாட்களில்தான் எர்த் முழுதாக விட்டுப்போய், முள் 'எஃப்'பிலேயே நின்றுவிட்டது. ஊரில் ஒரு போத்தல் பெற்றோலுக்கு அலைகிறார்கள். எங்கள் மீற்றரிலோ தாங்கி நிரம்பி வழிகிறது! திருத்தச் சொல்லி அம்மா கேட்டதற்கு அப்பா, "அது நிக்கட்டும், ஒண்டாவது நிறைஞ்சு நிக்குது" என்றார். அரத்தாள் இருந்தது, நேரமும் இருந்தது. அவர் தொடவேயில்லை.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டோடு காரையும் விட்டுவந்தோம்.

நான் இப்போது ஓட்டும் கார் இன்னும் எத்தனை மைல் ஓடலாம் என்று இலக்கத்தில் சொல்கிறது. சரியாகத்தான் சொல்கிறது, அதில் கழற்றிப் பார்க்க எனக்கொன்றுமில்லை. கோடையில் இங்கிலாந்துப் பழைய கார்க் காட்சிகளுக்குப் போவேன். பளபளப்பாக மைனர்கள் நிற்கும். சொந்தக்காரர்கள் எஞ்சினைத் திறந்து காட்டத் துடிக்க, நான் ஜன்னலுக்குள் தலையை விட்டு, சாவியை ஒருக்கால் திருப்பச் சொல்லிக் கேட்பேன். என்ன பார்க்கிறாய் என்றால், பெற்றோல் எவ்வளவு என்று பார்த்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவேன்.