ஐயா குரல் எங்கே போச்சு?

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டுச் சுவர்கள் அவ்வளவு கனம். வெயில் உள்ளே வராது, வைஃபையும் வராது. அதனால் முகப்பில் இருக்கும் ரவுட்டரிலிருந்து வளவு ஓரமாகக் கேபிள் இழுத்து, இரண்டாங்கட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். அதில் லினக்ஸ், சாம்பா. வீட்டுப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். லேப்டாப்பிலோ போனிலோ யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

போட்டோக்களைவிடப் பெரிய சொத்து ஒரு நாற்பது நிமிட ஒலிப்பதிவு. 1942-ல் சின்னப் பையனாக பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய கதையை ஐயா சொன்னது. அவர் போய் மூன்று வருடமாகிறது. ஞாயிறு சாயங்காலமானால் அப்பத்தா காபியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். "ஒங்க ஐயா பேச்சைப் போடுப்பா."

போன ஞாயிறு போட்டால், 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது.

"அழிஞ்சு போச்சா?" அப்பத்தா முகம் சுருங்கிவிட்டது.

முதல் நாள் ராத்திரிதான் லீவுக்கு வந்திருந்தான் அண்ணன் மகன். "சித்தப்பா, பழைய எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, சரியாயிடும்" என்றான். மறுத்துவிட்டேன். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். தவிர, போன வாரம் அது இல்லாமலேதானே ஓடியது?

இரண்டாங்கட்டுக்குப் போய் மானிட்டரை மாட்டினேன். ஃபைல் இருந்தது, பாடியது. பாதி உயிர் வந்தது. லேப்டாப்பிலிருந்து 192.168.1.7-க்கு பிங் கொடுத்தேன். பதிலும் வந்தது! ஆனால் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை.

கம்ப்யூட்டரிலேயே அதன் முகவரியைப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அது இப்போது 192.168.1.12. அப்படியானால் 7 என்று பதில் சொன்னது யார்? ரவுட்டர் பட்டியலைத் திறந்தேன். அண்ணன் மகனின் போன்!

சனி ராத்திரி கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் எல்லோருக்கும் புதிதாக எண் கொடுத்திருக்கிறது. கதவு எண் மாறிய வீட்டுக்குப் பழைய எண்ணில் கடிதம் போட்டால் எப்படிப் போய்ச் சேரும்? 7-ஆம் எண் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் என்று ரவுட்டரில் ஒதுக்கினேன். ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டதும் ஃபோல்டர் திறந்தது.

ஐயா பேசினார். அப்பத்தாவின் காபி ஆறியே போயிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாறியது எண் என்பதால் தப்பித்தோம். டிஸ்க்கே போயிருந்தால்? எல்லோரும் பார்க்க முடிகிறது என்பதால் எல்லோரிடமும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இருந்தது ஒரே ஒரு பிரதி.

காலையில் இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். ஒன்று அண்ணன் மகனோடு ஊருக்குப் போகிறது. இன்னொன்றை அப்பத்தா வாங்கி, முந்தானையில் துடைத்து, தன் நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.