எழுதாத கடிதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பொறாமைக்காரன். அதற்கு நான் வைத்திருந்த பெயர் வழிகாட்டுதல்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு பெண். கல்லூரியில் படிக்கும் நாளிலேயே கட்டுரை எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். தெரிந்த பத்திரிகைகளில் சொல்லிவைத்தேன். அதன்பிறகு திருச்சியில் எந்தக் கூட்டமானாலும் "இவள் என் புரோட்டஜே" என்றுதான் அறிமுகப்படுத்துவேன். முன்னால் நின்று மறைத்துக் காப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சுக்கு வந்து, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்த சொல் அது. ஒருவர் ஆதரவில் வளர்பவர் என்று பொருள். பெண்ணைக் குறித்தால் கடைசியில் ஓர் எழுத்து கூடும். காப்பவர் முன்னால் நிற்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தப் பெருமைக்கு ஊரிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. 1927இல் மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில் சிறுமி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். வயலின் மைசூர் சௌடையா, மிருதங்கம் தட்சிணாமூர்த்தி பிள்ளை. ஏற்பாடு திருச்சி எஃப்.ஜி. நடேச ஐயர்; 1938இல் 'சேவாசதனம்' படத்தில் எம்.எஸ்ஸுக்குக் கணவராக நடித்தவரும் அவரே. மேடையில் நடேச ஐயரைச் சொல்வேன், எம்.எஸ்ஸின் கணவர் கல்கி சதாசிவத்தைச் சொல்வேன். மகளுக்கு வீட்டிலேயே இசையைப் புகட்டிய வீணைக் கலைஞர், மதுரை சண்முகவடிவைச் சொன்னதே இல்லை. அம்மாவைச் சொன்னால் ஆதரித்தவர்களின் பங்கு சுருங்கிவிடும்; கூடவே என் பங்கும்.

இந்தப் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். பாசுரங்களைப் பதம் பிரித்துச் சொல்லி அவளுக்குத் தமிழை ஊட்டியவர் அவர்தான். நான் திருத்தியதெல்லாம் ஒற்றுப்பிழை. பாட்டியையும் நான் எந்த மேடையிலும் சொல்லவில்லை.

பிறகு, என் கட்டுரை ஒன்றை மறுத்து அவள் எழுதினாள். என்னிடம் காட்டாமலே அனுப்பினாள்; அச்சில் வந்தது. அவள் வாதம் சரி. அன்றைக்கே எனக்கு அது தெரியும்.

சில மாதம் கழித்து ஒரு வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தாள். "எழுதித் தரேம்மா" என்றேன். கெடு தாண்டும்வரை எழுதவில்லை. "மறந்துட்டேம்மா" என்றேன். மறக்கவில்லை; தினமும் நினைவிருந்தது. "பரவாயில்லை சார்" என்று போய்விட்டாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அத்தோடும் விடாமல், நண்பர்களிடம் அவளை நன்றி கெட்டவள் என்று சொல்லி வைத்தேன்.

அப்படி என் வாயால் கேட்டவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பேச்சைத் தள்ளிவிடுங்கள். அவள் எனக்குப் பட்ட கடன் எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு கடிதம் பாக்கி வைத்தவன் நான்.