ஒரு மேசை, இரண்டு கையெழுத்து

அப்பாவின் அலமாரியில் இன்னமும் இரண்டு பெட்டி மாத நாவல்கள் இருக்கின்றன. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. எல்லாம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கியவை. ஒரே மூச்சில் படித்து முடித்துவிடக்கூடிய குறுநாவல்கள். சுபா ஒரு பெண் என்றே நான்காம் படிவம் வரை நம்பியிருந்தேன். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று அப்பா சொன்னபோது, கதையில் வந்த கொலையைவிட அதுதான் எனக்குப் பெரிய மர்மமாகப் பட்டது. ஒரு கதையை இரண்டு பேர் எப்படி எழுதுவது?

சென்ற ஆண்டு அந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது. என் கணவர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். குறுநாவல் போட்டி ஒன்றின் அறிவிப்பைக் காட்டி, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினா என்ன? துறைமுகக் கதை என்கிட்ட இருக்கு, தமிழ் உன்கிட்ட இருக்கு" என்றார். எனக்கு அப்போது சுபாவைவிட ஒரு சுவீடன் தம்பதிதான் நினைவுக்கு வந்தார்கள்.

மாய் ஷோவால், பெர் வாலோ. இருவரும் பத்திரிகையாளர்கள், இடதுசாரிகள். (தம்பதி என்று சொன்னாலும் முறைப்படி மணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மகன்களோடு குடும்பம் நடத்தினார்கள். நம் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம்.) 1965 முதல் 1975 வரை பத்துத் துப்பறியும் நாவல்கள் எழுதினார்கள். புத்தகத்துக்கு முப்பது அத்தியாயம், மொத்தம் முந்நூறு. பத்தும் சேர்ந்து ஒரே பெரிய கதை என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவில் எதிரெதிராக உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினார். அவள் நடையும் இல்லாமல், அவர் நடையும் இல்லாமல், கதைக்குப் பொருந்தும் மூன்றாவது நடை ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். எந்த அத்தியாயம் யாருடையது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டேன்.

அவர்கள் படைத்த துப்பறிவாளர் மார்ட்டின் பெக், நம் மாத நாவல் நாயகர்களைப் போல் துப்பாக்கியோடு பாய்கிறவர் அல்ல. அடிக்கடி சளி, வயிற்றுக் கோளாறு. முதல் நாவலான 'ரோசன்னா'வில் கால்வாய் மதகருகே தூர்வாரும்போது ஒரு பெண்ணின் சடலம் கிடைக்கிறது. அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. காத்திருப்பதுதான் அந்தக் கதையில் பாதி வேலை. அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அலுப்பு புரியும்.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது பெக்கின் வீடு. மனைவியோடு பேச்சு குறைந்துகொண்டே போகிறது. ஓய்வு நேரத்தில் தனியாக உட்கார்ந்து மாதிரிக் கப்பல் செய்கிறார். 1968-இல் வந்த 'சிரிக்கும் போலீஸ்காரர்' நாவலில் வரவேற்பறை சோபாவில் படுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. ஸ்டாக்ஹோம் பேருந்தில் நடக்கும் படுகொலைதான் அந்த நாவலின் வழக்கு. அதற்கு 1971-இல் அமெரிக்காவின் எட்கர் விருது கிடைத்தது. எனக்கோ வழக்கைவிட அந்த சோபாதான் மறக்கவில்லை. அடுத்தடுத்த புத்தகங்களில் மணமுறிவும் வருகிறது. ஒரே மேசையில் ஒற்றுமையாக உட்கார்ந்த இரண்டு பேர், பிரிந்துபோகும் ஒரு குடும்பத்தை அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார்கள்.

நாங்கள் எழுதியது இதற்கு நேர்மாறாகப் போனது. கதை இதுதான்: கிள்ளான் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா இறந்து கிடக்கிறார், கொள்கலன் கணக்கு உதைக்கிறது, இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறார். ஒற்றைப்படை அத்தியாயங்கள் அவருக்கு, இரட்டைப்படை எனக்கு. முதல் மூன்று இரவுகள் கேலியும் சிரிப்புமாகப் போயின. ஆறு அத்தியாயம் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துப் பார்த்தேன்.

அவருடைய அத்தியாயங்களில் இன்ஸ்பெக்டரின் மனைவி மூன்று முறை வருகிறாள். மூன்று முறையும் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஒரு வசனம்கூட இல்லை. என் அத்தியாயங்களில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வருவதில்லை. போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. மனைவி சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

"நான் மைலோ கலக்குறவதானா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அப்போ நான் போன் எடுக்காதவனா?" என்றார்.

அன்று இரவு கதையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருடைய இரவுப் பணியைப் பற்றிப் பேசினோம். மகனின் பள்ளிக்கூட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளாக நான் மட்டுமே போய்வருவதைப் பற்றிப் பேசினோம். அவருடைய மேலாளர் கொடுக்கும் நெருக்கடியை அவர் வீட்டுக்கு வந்து சொன்னதே இல்லை. சொன்னால் நான் பயப்படுவேன் என்று நினைத்தாராம். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. எட்டு ஆண்டுத் திருமணத்தில் இப்படி உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

போட்டிக்கு அனுப்பும் நாள் அந்த மாதமே போய்விட்டது.

பெர் வாலோ 1975 ஜூனில் இறந்தார். வயது 48. அந்த ஆண்டுதான் பத்தாவது நாவல் வெளிவந்தது. மாய் அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2020 ஏப்ரலில் 84 வயதில் மறைந்தார். அத்தனை காலத்தில் மொழிபெயர்ப்புகள் செய்தார், ஆனால் மார்ட்டின் பெக்கை வைத்துப் பதினோராவது நாவல் எழுதவில்லை. முந்நூறு அத்தியாயத்தோடு திட்டம் முடிந்தது என்பது ஒரு காரணம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. அந்த மூன்றாவது நடை அவர் ஒருவருடைய கையில் இல்லை.

நாங்கள் மறுபடியும் தொடங்கியிருக்கிறோம், போட்டிக்காக அல்ல. போன வாரம் அவர் ஏழாவது அத்தியாயத்தைக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரின் மனைவி அதில் ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள், வெட்ட வேண்டும். எட்டாவது என்னுடையது. பையனுக்குத் திங்கட்கிழமை கணிதத் தேர்வு. அது முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.