'முடிச்சுடுவேன்' என்றால்?

தில்லியில் வாழும் தமிழ்ப் பெண் ஒருவர் ஒரு நாள் ஒலிப்பதிவு ஒன்றுடன் வந்தார். கணவரைப் பிரிந்தவர். ஏழு வயது மகன் யாரிடம் இருப்பது என்று வழக்கு. கணவரின் பேச்சை வக்கீலுக்காக நான் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும்.

"எல்லாத்தையும் முடிச்சுடுவேன்" என்றது குரல். 'பிரச்னைக்கு முடிவு கட்டுவேன்' என்று எழுதினேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அது கௌரவமாகப் பட்டது. கோபத்தில் சொன்னதுதானே என்ற நினைப்பு வேறு.

"அவர் சொன்னது அப்படி இல்லையே, சார்" என்றார் அந்தப் பெண்.

வக்கீல் அம்மா கேள்விகளை அடுக்கினார். அடித்திருக்கிறாரா? கழுத்தை நெரித்ததுண்டா? பின்தொடர்கிறாரா? பிரிந்த பிறகு மிரட்டல் கூடியிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தலையசைப்பு. பிரியும் காலம்தான் அதிக ஆபத்தானது என்றார் வக்கீல்.

பேசியதை அப்படியே எழுதி, பேச்சுவழக்கில் அதற்குக் கொலை என்ற பொருளும் உண்டு என்று குறிப்புச் சேர்த்தேன்.

மகனை யார் அழைத்துப் போகலாம் என்று பள்ளிக்குக் கடிதம் போனது. ஆவண நகல்கள் தோழி வீட்டுக்குச் சென்றன. பையன் 112 என்ற அவசர எண்ணை மனப்பாடம் செய்தான்.

சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகலாம் என மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுக்க வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவு. இந்த வழக்கில், ஆலோசகர் முன்னிலையில் நீதிமன்ற வளாகத்தில் மட்டுமே சந்திப்பு என்று உத்தரவாயிற்று.

மொழிபெயர்ப்பில் நயம் சேர்ப்பது என் பழக்கம். மிரட்டல்களுக்கு இப்போது அதைச் செய்வதில்லை.