இலங்கைப் பக்கம் திருப்பு!

தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் கை குலுக்க வருவது உப்பு. உதட்டை ஒரு தரம் நக்கிப் பாருங்கள், தெரியும். ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல், நடுவில் காற்று. அந்தக் காற்றுக்கு இரும்பைக் கண்டால் அப்படி ஒரு பசி! ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் தாழ்ப்பாள் என்று ஒன்றையும் விடாமல் நிதானமாக ருசித்துத் தின்னும். இப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு மொட்டை மாடியில், ஒரு இரும்புக் குழாய் நாற்பது வருஷமாக நிற்கிறது என்றால் நட்டவருக்கு ஒரு சல்யூட் அடிக்கத்தான் வேண்டும்.

நான் போனது சல்யூட் அடிக்க அல்ல. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு அங்கே டிஷ் மாட்ட.

வீடு என் அத்தையுடையது. பிரையண்ட் நகர் பக்கம். குழாயை நட்டவர் மாமா. அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. பையன் துபாயில். அத்தை தனியாகத்தான் இருக்கிறாள். தனியாக இருப்பதில் அவளுக்குப் பயமில்லை. 2023 டிசம்பர் வரைக்கும் இல்லை.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஜில்லாக்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. வருஷம் பூராவும் இந்த ஜில்லாவில் பெய்கிற மழையே சராசரியாக அவ்வளவு கிடையாது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு அப்படியே நின்றுவிட்டது. அத்தை வீட்டு ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. நாலாம் நாள் கரண்ட் வந்தது. டி.வி.யைப் போட்டால் நீலத் திரை. கேபிள் அறுந்து எங்கேயோ கிடக்கிறது. அது வர மேலும் ஒன்பது நாள்.

மழை விட்ட பிறகுதான் கொடுமை. "குளம் உடைஞ்சிருச்சாம், ராத்திரி மறுபடி தண்ணி வருதாம்" என்று தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடுவார்கள். அத்தை மூன்று ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தே கழித்தாள். தண்ணீர் வரவில்லை. வராது என்று சொல்லத்தான் ஆளில்லை.

"படம் வேண்டாம்யா, பாட்டு வேண்டாம். தண்ணி வருதா வரலையான்னு ஒருத்தன் வாயத் திறந்து சொன்னாப் போதும்" என்றாள் போனில்.

பாட்டரி ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதாதா என்பீர்கள். அதையும் வாங்கினேன். ஆனாலும் எழுபது வயதுக்கு மேல் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது. ஆகவே தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் வேறு பெயரில் ஆரம்பித்த சமாச்சாரம். டிஷ், பெட்டி, ஒயர் வாங்குவது மட்டும்தான் செலவு; மாதச் சந்தா பூஜ்யம்! பி.காம். படித்தவன் காதில் 'மாதச் சந்தா பூஜ்யம்' என்று விழுந்தால் தேவகானம் கேட்ட மாதிரி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் கிடைக்காத எலக்ட்ரானிக் சாமான் கிடையாது, இடிக்காத தோளும் கிடையாது. இரண்டடி டிஷ், அதன் மூக்கில் மாட்டும் எல்.என்.பி., செட்டாப் பெட்டி, இருபது மீட்டர் கேபிள், நாலு கனெக்டர். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். "தொண்ணூத்தி மூணரைல வை சார், முடிஞ்சிரும்" என்று கடைக்காரர் சொன்ன தொனியில், கொத்துமல்லிக் கட்டை எந்த அலமாரியில் வைப்பது என்பது போல ஒரு அலட்சியம்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிஷ்ஷை மேல் பெர்த்தில் வைத்தால் கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்தது. மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் ஸீட் அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஓட்டல் வச்சிருக்கீங்களா தம்பி?" என்றார்.

அந்தத் தொண்ணூற்று மூன்றரை விஷயத்துக்கு வருவோம். ஜிஸாட்-15 என்ற செயற்கைக்கோள் 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து மேலே போனது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் அசையாமல் நிற்பது போல நிற்கிறது. அதை நம் டிஷ் நேராகப் பார்க்க வேண்டும். என்னிடமும் ஒரு டிகிரி இருக்கிறது, ஆனால் அது வேறு டிகிரி! ரயிலில் உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். தூத்துக்குடியிலிருந்து வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலப்பக்கமாக அளந்தால் சுமார் 119 டிகிரி; அதாவது கிழக்கும் தென்கிழக்கும் கலந்த பக்கம். உயரம் ஏறக்குறைய 70 டிகிரி. கிட்டத்தட்ட தலைக்கு மேல். பக்கத்து வீட்டு மாடி மறைக்குமே என்ற கவலையெல்லாம் நம் தெற்கத்திக்காரர்களுக்கு அநேகமாக வேண்டாம். பக்கத்துத் தென்னை மரத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. டிஷ்ஷின் முகத்தைப் பார்த்தால் அது எழுபது டிகிரியில் அண்ணாந்து பார்ப்பதாகவே தெரியாது. ஏதோ பாதி வானத்தைப் பார்ப்பதாகத் தோன்றும். நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் டிஷ் வகையே அப்படி. கண்ணை நம்பாமல் பின்னாலிருக்கும் அளவுக் கோட்டை நம்ப வேண்டும்.

மாடிக்கு ஏறினால், அத்தை குறுக்கே நின்றாள்.

"ஏய்யா, எதை வேணும்னாலும் மாட்டு. அந்தக் கம்பத்தை மட்டும் தொடாத. மாமா நட்டதுலா."

நாற்பதடிக் கம்பம். ஒன்றுக்குள் ஒன்று நுழைத்த மூன்று குழாய்கள். உச்சியில் மீன்முள் மாதிரி அலுமினியக் குச்சி ஆன்டெனா. முள்ளில் பாதி உதிர்ந்துவிட்டது. இழுத்துக் கட்டிய நாலு கம்பிகளில் ஒன்றுதான் பாக்கி. அடுத்த புயலுக்கு அது பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகை மேல் விழும், சந்தேகமே இல்லை.

அத்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டிஷ் மாட்டுகிற அண்ணாச்சி வந்துதான் சொன்னார். அறுபத்தைந்து வயசிருக்கும். பழைய டி.வி.எஸ். ஐம்பது, தோளில் ஒரு ஸ்பேனர் பை. கம்பத்தைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மதினி, இது ரூபவாஹினி கம்பம்லா! இதை நடும்போது கயிறு பிடிச்சது யாருன்னு நெனைக்கிய?"

அவரேதான். அன்றைக்குப் பூஸ்டர் கட்டுகிற பையன். இன்றைக்கு டிஷ் அண்ணாச்சி.

எங்கள் செட்டுக்கு இந்தக் கதை முழுசாகத் தெரியாது. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பெரிய டிரான்ஸ்மிட்டர், அந்த நாட்டின் மிக உயரமான பிதுருதலாகல மலை உச்சியில், 2,524 மீட்டரில் இருந்தது. அப்போது சென்னை தூர்தர்ஷன் தெற்கே எட்டாது. கொழும்பு ரேடியோவைக் கேட்டு வளர்ந்த ஊர், டி.வி.க்கும் கடலைத்தான் பார்த்தது. அத்தனை மாடிகளிலும் கம்பம் முளைத்தது. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் ஜன்னலில் நிற்க, ஒருவர் டி.வி. முன்னால் கத்த, "தெரியுது... தெரியுது... ஐயோ போச்சு! பின்னால வா!" என்று சாயங்காலமானால் தெருவெல்லாம் இதே கச்சேரி என்றார் அண்ணாச்சி.

கணக்குப்படி அந்தப் படம் இங்கே வரவே கூடாது. டி.வி. அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். அந்த மலை உச்சியிலிருந்து அதன் அடிவானம் சுமார் 200 கிலோமீட்டரில் முடிந்துவிடும். தூத்துக்குடி இருப்பதோ சுமார் 350 கிலோமீட்டரில். மிச்சத்தைக் கொண்டுவந்தது மன்னார் வளைகுடா. கடலை ஒட்டி ஈரக்காற்று ஒரு அடுக்கு, அதன் மேல் வெப்பமான உலர்ந்த காற்று ஒரு அடுக்கு என்று அமைந்துவிட்டால், அலை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, குழாயில் தண்ணீர் போவது போல வளைந்து வந்துவிடும். காற்று கலைந்தால் படமும் கலையும். 'இன்னைக்குக் கடல் சரியில்ல, படம் வராது' என்று மாமா காலையிலேயே சொல்லிவிடுவாராம். வானிலை இலாகா தோற்றது!

பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் டவர் வந்தது. கம்பங்களெல்லாம் வடமேற்கே திரும்பிக்கொண்டன. மாமா கணக்குப் பிள்ளை. கைப்பிடிச் சுவரில் சிவப்பு பெயின்ட்டால் இரண்டு அம்பு போட்டு 'ரூ' என்றும் 'கொ' என்றும் எழுதி வைத்திருக்கிறார். வேண்டியபோது திருப்பிக்கொள்ளலாம். எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

கம்ப விவகாரம் ஒரு வழியாகத் தீர்ந்தது. அண்ணாச்சி ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். மேல் இரண்டு குழாயும் அப்பளம். அடிக்குழாய் மட்டும் கிண்ணென்று கேட்டது. மாமா அதற்குள் சிமென்ட் ஊற்றி வைத்திருந்தார்.

"மதினி, அடியை விட்டுருதேன். நாலடி நிக்கும். அதுலயே டிஷ்ஷ மாட்டுதேன். அண்ணன் கம்பம் அண்ணன் கம்பமாவே இருக்கும்."

அத்தை பதில் சொல்லாமல் கீழே போனாள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். அதுதான் அனுமதி.

தூக்குக் குண்டு பிடித்து, குழாய் நேராக நிற்கிறதா என்று முதலில் பார்த்தார். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் அளவுக்கோடு பொய் சொல்லும். நட்டு, போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ். கனெக்டர் மேல் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினார். "உப்புக் காத்து இதுக்குள்ளதான் மொதல்ல போகும்." நான் செல்போன் காம்பஸை எடுத்தேன். இரும்புக் குழாய் பக்கத்தில் போனதும் அதன் முள் பரதநாட்டியம் ஆடியது. அண்ணாச்சி அதைப் பார்க்கக்கூட இல்லை. கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்.

"இலங்கைப் பக்கம் திருப்பு தம்பி!"

'ரூ'வுக்கு நேராக டிஷ்ஷை வைத்தோம். கீழே அத்தை திரையைப் படித்தாள். "பலம் தொண்ணூறு, தரம் சைபர்!" என் பழைய ஆபீஸில் ஒருவரைப் பற்றிய முழு விவரம் அது. இங்கே ஒரு விஷயம்: பலம் என்பது ஒயர் ஒழுங்காக இருந்தாலே காட்டும், நம்பக்கூடாது. தரம் வந்தால்தான் சரியான செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். அண்ணாச்சி டிஷ் விளிம்பை மயிரிழை மயிரிழையாக இடப்பக்கம் தள்ளினார். சைபர்... சைபர்... இரண்டு விரல் அகலம் போயிருக்கும்.

"முப்பத்தி நாலு! ஐய்யோ, அறுபத்தொண்ணு!"

எல்.என்.பி.யின் கழுத்தைக் கொஞ்சம் திருகினார். எழுபத்திரண்டில் நின்றது. என் காம்பஸுக்கு வேலையே இல்லாமல், முழுசாகப் பத்து நிமிஷம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தூத்துக்குடியிலிருந்து அந்த இலங்கை மலை இருக்கும் திசை சுமார் 124 டிகிரி. ஜிஸாட்-15 இருப்பது 119. வித்தியாசம் ஐந்தே டிகிரி! அன்று 350 கிலோமீட்டர் தட்டுத் தடுமாறி வந்த படமும், இன்று 36,000 கிலோமீட்டர் அலட்டாமல் வருகிற படமும் இந்த ஊருக்கு ஒரே மூலையிலிருந்துதான் வருகின்றன. ராமேஸ்வரத்தில் இப்படி அமையாது. அங்கே வித்தியாசம் இருபத்தைந்து டிகிரி.

மழையில் இது வேலை செய்யுமா என்பதுதானே கேள்வி? கொட்டும்போது செய்யாது. இந்த அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. கனத்த மழைத்துளி அதை விழுங்கிவிடும். பத்து, இருபது நிமிஷம் படம் போகும். மழை தணிந்தால் திரும்பும். பழைய தரைவழி அலை ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், மழையை லட்சியமே செய்யாது. ஆனால் அந்த அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைத் தூர்தர்ஷன் படிப்படியாக மூடி, 2022-க்குள் ஏறக்குறைய முடித்துவிட்டது. செலவுக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். கடலோர ஊருக்கு ஒன்றிரண்டை விட்டு வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. அத்தைக்கு என்ன சமாதானமென்றால், 2023-ல் அவளை மாடிப்படியில் உட்கார வைத்தது மழை விட்ட பிறகு வந்த வதந்திதான். அந்த நேரத்தில் இந்த டிஷ் பேசும். தெருவில் எந்தக் கம்பி அறுந்தாலும் இதற்குக் கவலையில்லை. பெட்டியையும் சின்ன டி.வி.யையும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டோம்.

"அப்ப கேபிளை எடுத்துரலாமா அத்தை? மாசம் 250 ரூபா மிச்சம். எட்டு மாசத்துல டிஷ் காசு வந்துரும்."

"எதுக்கு? ராத்திரி சீரியல்ல அந்தப் பிள்ளையை வீட்டை விட்டுத் தள்ளப் போறா மாமியாக்காரி. அதை ஒன் தூர்தர்ஷன்ல காட்டுவானா?"

என் பாலன்ஸ் ஷீட் கடலில் போயிற்று.

வெட்டிய குழாய்த் துண்டுகள் துணி காயப்போடும் கொடிக்கு ஆயின. அண்ணாச்சி கூலி நானூறு கேட்டார். அத்தை எண்ணிக் கொடுத்தாள். அவர் போகாமல், கழற்றிப் போட்ட பழைய பூஸ்டர் டப்பாவைக் கையில் எடுத்து, உள்ளே பச்சை பூத்துப் போன ஒயரை ஊதிப் பார்த்தார்.

"இதை நான் எடுத்துக்கிடட்டுமா மதினி?"

"அதை வச்சு இனி என்னத்தப் பிடிக்கப் போறீய?"

"சும்மா கெடக்கட்டும்" என்று ஸ்பேனர் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை உதைத்தார்.