எங்கள் பொழுதுபோக்கு: காப்பி வடித்தல்

பொழுதுபோக்கு என்றவுடன் தபால்தலை சேகரித்தல், பூவேலை, தோட்டம் போடுதல் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் பொழுதுபோக்கைச் சொன்னால் தோழியர் சிரிக்கின்றனர். காப்பி வடிக்கும் கருவிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் வடித்துப் பார்ப்பதே அது! அக்காவும் தங்கையுமாக நாங்கள் இருவரும் விடுமுறை நாட்களில் இதில் ஈடுபடுகிறோம். நாங்கள் ருசி பார்ப்பது ஆளுக்குக் கால் டம்ளர்தான். ஆகவே சிஸ்டர்கள் கவலைப்பட வேண்டாம்.

காப்பிக் கருவிகள் எத்தனை வகையாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. வறுத்து அரைத்த கொட்டையின் சுவையையும் மணத்தையும் வெந்நீர் கரைத்தெடுக்க வேண்டும். பிறகு சக்கை பிரிய வேண்டும். இதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு உலகத்தார் கண்ட வெவ்வேறு விடைகளே இக்கருவிகள்.

நம் வீட்டு ஃபில்டரையே முதலில் எடுத்துக்கொள்வோம். மேல் பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள். பொடியைப் போட்டு, குடை போன்ற தட்டால் மெல்ல அழுத்தி, கொதித்த நீரை ஊற்றி மூடிவிட்டால் போதும். நெருப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். புவியீர்ப்பு விசையே வேலையைச் செய்துவிடுகிறது. அதிகமாக அழுத்தினால் ஒரு சொட்டும் இறங்காது. அழுத்தாமல் விட்டாலோ நீர் விரைந்து ஓடி, டிகாக்ஷன் வெளுத்துப் போகும். சிக்கரி சேர்ந்த பொடி நீரை உறிஞ்சி உப்புவதால் மெதுவாக இறங்கும். நிறமும் கெட்டியாக வரும்.

இத்தாலியில் பணிபுரியும் எங்கள் சிஸ்டர் அத்தை விடுமுறைக்கு வந்தபோது ‘மோக்கா’ பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1933ஆம் ஆண்டில் அல்ஃபோன்சோ பியாலெட்டி என்பவரின் பட்டறையில் பிறந்த அலுமினியப் பாத்திரம் அது. இதில் நீர் மேலிருந்து கீழே வருவதில்லை. கீழிருந்து மேலே ஏறுகிறது! அடுப்பில் வைத்ததும் அடிப்பகுதியில் உண்டாகும் நீராவியின் அழுத்தம், வெந்நீரைப் பொடியின் வழியே மேலே தள்ளிவிடுகிறது. சில நிமிடங்களில் ‘களகள’வென்ற ஓசையுடன் காப்பி தயார். இதில் பொடியை அழுத்தக்கூடாது என்று அத்தை எச்சரித்தார். அழுத்தினால் நீர் ஏற வழியிராது.

தாளில் வடிக்கும் முறையைக் கண்டவர் நம்மைப் போன்ற வீடுகளில் உள்ள ஒரு தாய் என்பது எங்களுக்குப் பெருமை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் அம்மையார், காப்பியில் சக்கை மிதப்பதைக் கண்டு சலித்துப்போனார். பித்தளைப் பாத்திரம் ஒன்றில் ஆணியால் துளையிட்டார். மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை அதற்குள் விரித்து வடித்தார். 1908இல் அக்கண்டுபிடிப்பைப் பதிவும் செய்துகொண்டார். நாங்களும் தாள் வாங்கி வடித்துப் பார்த்தோம். காப்பி தேநீர் போலத் தெளிவாக வந்தது. பால் ஊற்றியதும் தாத்தா, “இது காப்பிக்குத் தங்கச்சி” என்றார்!

இவற்றையெல்லாம் சோதனை நோட்டில் எழுதி வருகிறோம். எத்தனை கரண்டிப் பொடி, எவ்வளவு நீர், இறங்க எத்தனை நிமிடம் என்று பட்டியல் நீள்கிறது. அந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் எங்களை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. யாருடைய டம்ளரில் எந்த டிகாக்ஷன் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தோம். முதல் டிகாக்ஷன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும், வந்த விருந்தினருக்கும். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாக்ஷன் பாட்டிக்கும் அம்மாவுக்கும். ஏழு நாளும் இதே கதைதான்.

கரையக்கூடியவற்றில் பெரும்பகுதியை முதல் நீரே கொண்டுபோய்விடும் என்பது எங்கள் சோதனைகளில் தெரிந்த உண்மை. மிஞ்சுவது நிறமும் கொஞ்சம் கசப்புமே. எல்லாருக்கும் முன்னால் எழுந்து, இருட்டோடு வெந்நீர் போடுபவருக்கு மிஞ்சியதா?

“ஏம்மா இதைக் குடிக்கிறீங்க?” என்று கேட்டோம்.

“எனக்குப் பழகிப்போச்சு. வாய்க்குச் சூடா இருந்தாப் போதும்” என்றார் அம்மா.

பாட்டியோ, “இந்த வீட்டுக்கு வந்த நாளா நான் இதைத்தாண்டி குடிக்கிறேன்” என்றார்.

எங்கள் ஃபில்டர் சிறியது. ஒருமுறை வடித்தால் இரண்டு மூன்று டம்ளருக்குத்தான் வரும். பரணில் பாட்டியின் பெரிய பித்தளை ஃபில்டர் பச்சை பூத்துக் கிடந்தது. அதை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தோம். அப்பா கடைக்குக் கொண்டுபோய் உட்புறம் வெள்ளீயம் பூசிக்கொண்டு வந்தார். “பொடி விக்கிற விலைக்கு இது வேறயா?” என்று அம்மா தயங்கினார். நாளுக்கு இரண்டு கரண்டிதான் கூடுதல் என்று நோட்டைக் காட்டினோம். எங்கள் சோதனைக்கு வாங்கும் பொடியைக் குறைத்து அதை ஈடுகட்டவும் ஒப்புக்கொண்டோம். இப்போது நால்வருக்கும் முதல் டிகாக்ஷன்தான். சக்கை நேரே ரோஜாச் செடிக்குப் போகிறது. பாட்டி முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தோழியரே, கருவிகள் சேர்க்கப் பணம் வேண்டும். உற்றுப் பார்க்கப் பணம் வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அடுக்களையிலும் ஒரு வாரம் நோட்டும் பென்சிலுமாக நின்று பாருங்கள். கடைசி டம்ளர் யாருக்குப் போகிறது, அதில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அதன்பின் செய்ய வேண்டியது இன்னதென்று உங்களுக்கே விளங்கும்.