ஒரு மலிவான ஹெட்செட்டும் மூன்று எழுத்துக்களும்

கணினி விளையாட்டுக்காரர்களுக்கென்று விற்கப்படும் ஹெட்செட் ஒன்றைக் குறித்துத் தமிழ் ஆனர்ஸ் மாணவன் எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், எட்டுத் திங்களாக நாள்தோறும் அதனைத் தலையில் அணிந்தவன் என்னும் உரிமை எனக்குண்டு. ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட விலை கொடுத்து வாங்கினேன். எந்நிறுவனத்தது என்பது ஈண்டு வேண்டா. இவ்விலைக்குக் கிடைப்பனவெல்லாம் ஏறக்குறைய ஓரினத்தனவே.

வாங்கிய காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன். எம் வகுப்பில் கண்பார்வையற்ற நண்பர் ஒருவர் உளர். பாடநூல்களைப் பிறர் படிக்கக் கேட்டே அவர் பயில வேண்டும். விடுமுறை நாட்களில் யான் கீழ்பென்னாத்தூரிலுள்ள என் இல்லத்திலிருந்து அவற்றைப் படித்து ஒலிப்பதிவு செய்து அவருக்கு அனுப்புகின்றேன். இரவில் அதே கருவி என் தம்பியின் விளையாட்டுக்குச் செல்லும். ஆகவே, இரு வேறு நீதிபதிகளின் முன் அது நாடோறும் நிறுத்தப்படுகின்றது.

ஹெட்செட்டை விளையாட்டுப் பொருளென்று இகழ்வாரும் உளர். அதன் பிறப்போ தொழிலுக்காகவே நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்து நதானியேல் பால்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையில் அமைத்த கேட்கருவிகளை 1910-ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் கடற்படை வாங்கிற்று. நாம் இன்று செருகும் 3.5 மில்லிமீட்டர் முனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் வழங்கிய பெரிய முனையின் வழித்தோன்றலே.

இனிப் பெட்டியின்மேற் பொறித்துள்ள பெருமைகளை ஆராய்வோம். ‘7.1’ என்னும் எண்ணைக் கண்டு எட்டு ஒலிபெருக்கிகள் உள்ளனவென்று மயங்கற்க. உள்ளவை காதுக்கொன்றாக இரண்டே; ஏனைய திசைகளை மென்பொருள் புனைந்து காட்டுகின்றது. இரண்டே போதுமென்பதும் உண்மையே. இரு செவிகளுக்கும் ஒலி எட்டுங் காலத்திலும் வலிமையிலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகளால் நாம் திசையறிகின்றோம் என்பதை 1907-இல் ரெய்லி பிரபு விளக்கினார். செவிமூடிகளின்மேல் ஒளிரும் வண்ண விளக்குகளோ அணிந்தவன் கண்ணுக்குப் புலப்படா. யூ.எஸ்.பி. முனை இக்கருவியில் அவ்விளக்குகளுக்கு மின்சாரம் ஊட்டுவதற்கே பயன்படுகின்றது. அதனைச் செருகாது விடினும் ஒலி குறைவதில்லை.

மெய்யான தேர்வு மைக்கைப் பொறுத்தது. ல, ழ, ள என்னும் மூன்றும் நாவின் நிலையால் வேறுபடுவதைத் தொல்காப்பியப் பிறப்பியலில் பயில்கின்றோம். படிப்போன் பிரித்தொலித்தும் கருவி அவற்றைக் குழப்புமாயின், கேட்டே பயில்வார்க்கு மலையும் மழையும் ஒன்றாகிவிடும். எங்கள் வீடு திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை அடுத்துள்ளது. கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிந்தபொழுது மின்விசிறியும் லாரிகளுமே மிகுதியாகப் படித்தன! ஹெட்செட்டின் மைக்கோ வாயருகே நிற்பது. திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும் என்பர். ஆதலின் குரல் மேலோங்குகின்றது. மைக்கை வாய்க்கு நேரே வையாது, கடைவாய்க்கு இருவிரல் அப்பால் ஒதுக்கின், பகரத்தின் மூச்சு மோதுவதும் தவிர்கின்றது. “ழகரம் ஐயமின்றிக் கேட்கிறது; கார்த்திகைத் தீபத்தன்று ஓடிய சிறப்புப் பேருந்துகளும் கேட்கின்றன,” என்று நண்பர் மறுமொழி விடுத்தார். இதனினும் நடுநிலையான மதிப்புரை யாண்டுளது?

குறைகளும் பல. சித்திரை வெயிலில் அதன் செயற்கைத் தோலுறை அரைமணியில் காதை வியர்க்கச் செய்யும்; ஆறாம் திங்களில் அவ்வுறை உரியத் தொடங்கிற்று. மூக்குக்கண்ணாடி அணிந்தார்க்குக் காதின்மேல் நோவு உண்டாகும். வெடியோசைக்கென்று தாழ்ந்த ஒலிகளை மிகுத்திருத்தலின், பாட்டில் குரல் அமிழ்ந்துவிடுகின்றது. முனையருகே வயர் மடிந்து மடிந்து இப்பொழுது கரகரக்கின்றது.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கன. பொறுக்கலாகாதது ஒன்றுண்டு. எதிரியின் காலடியோசை கேட்க வேண்டித் தம்பி ஒலியை உயர்த்துவான். உடனே துப்பாக்கி முழங்கும். வாரத்தில் 40 மணிநேரம் கேட்பார்க்கு முதியோராயின் 80 டெசிபெல், சிறார்க்கு 75 டெசிபெல் என உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் எல்லை வகுத்தது. கருவியின் சுழல்திருகிலோ அவ்வெல்லையைக் காட்டும் குறி யாதுமில்லை. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழியின் மீள முளைப்பதில்லை. ஒருவர் செவியால் வாழ்வதை நாள்தோறும் காண்கின்ற எனக்கு இது சிறு செய்தியாகத் தோன்றவில்லை. எனவே திருகின் பாதியில் மைகொண்டு ஒரு கோடிட்டேன். அதனைக் கடத்தலாகாதென்பது எங்கள் வீட்டுச் சட்டம். தம்பி முணுமுணுப்பினும் கடைப்பிடிக்கின்றான்.

ஆகவே என் முடிவு இது: இசை நுகர்வார்க்கு இஃது ஏற்றதன்று, விளையாட்டுக்குப் போதுமானது, பேச்சைப் பதிவதற்கோ விலைக்கு மிஞ்சிய பயனுடையது. விடுதி அறைகளில் இத்தகைய கருவிகள் பல உறங்குகின்றன. அவற்றையுடைய தோழர்கள் வாரத்திற்கொரு பாடம் படித்துப் பதிந்து தருவாராயின், எம் நண்பர் அடுத்த பருவத்திற்குரிய நூல்களையெல்லாம் தேர்வுக்கு முன்னரே கேட்டு முடிப்பார்.